கப்பல் பங்கரும் வீட்டுப் பங்கரும்

கேள்வி இதுதான்: "2025 மே மாதம் கொச்சிக்கு அருகே எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபோது வந்த செய்திகளில் 'பங்கர் ஆயில்' என்று படித்தேன். ஒரு தமிழ் மொழிபெயர்ப்பில் அதையே 'பதுங்கு குழி எண்ணெய்' என்று போட்டிருந்தார்கள். கோல்ஃப் வர்ணனையிலும் பங்கர் என்கிறார்கள், ஹிட்லர் செத்ததும் பங்கரில் என்கிறார்கள். எல்லாம் ஒரே சொல்லா? எல்லா இடத்திலும் பதுங்கு குழி என்று எழுதலாமா?"

ஒரே சொல்தான். ஆனால் எல்லா இடத்திலும் பதுங்கு குழி என்று எழுதக் கூடாது. நான் இருபது வருடத்துக்கு மேல் கப்பல் இன்ஜின் ரூமில் இருந்தவன், பங்கர் என்ற சொல்லை அரிசி, பருப்பு மாதிரி தினமும் புழங்கியவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சொல் பிறந்த இடம் ஸ்காட்லாந்து. 16ஆம் நூற்றாண்டிலேயே அங்கே இது புழக்கத்தில் இருந்தது. முதலில் மரப்பெட்டி, அப்புறம் உட்காரும் பலகை. நம் வீட்டுத் திண்ணையையும் பழைய மரப்பெட்டியையும் ஒன்றாகச் சேர்த்து நினைத்துப் பாருங்கள்: மேலே உட்காரலாம், மூடியைத் தூக்கினால் உள்ளே சாமான் வைக்கலாம். வாசலில் மண்ணைக் குவித்துப் போட்ட மேடைக்கும் அதே பெயர் இருந்தது. இன்றும் ஸ்காட்லாந்தில் சில ஊர்களில் சமையலறை மேடையைப் பங்கர் என்றுதான் சொல்கிறார்கள். கப்பலிலும் ரயிலிலும் படுக்கிற 'பங்க்' கூட இதிலிருந்து சுருங்கி வந்ததாகத்தான் அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். ஆக, தொடக்கத்தில் இந்தச் சொல்லில் குழியும் இல்லை, பதுங்குவதும் இல்லை, சண்டையும் இல்லை. எதையாவது போட்டு வைக்கிற பெட்டி, அவ்வளவுதான்.

நீராவிக் கப்பல் வந்தபோது அந்தப் பெட்டி ராட்சத அளவுக்கு வளர்ந்தது. பாய்லருக்குப் பக்கத்தில் நிலக்கரி கொட்டி வைக்கும் அறைக்குப் பங்கர் என்று பெயர் வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பு, ஏடன், சிங்கப்பூர் போன்ற துறைமுகங்கள் பெருத்ததற்கு ஒரு முக்கியக் காரணம் கரி. ஒரு கப்பல் எத்தனை நாள் ஓடும் என்பதை அதன் பங்கரில் இருக்கும் கரிதான் முடிவு செய்தது. டைட்டானிக் கிளம்பும்போது ஏறத்தாழ 6,000 டன் கரி இருந்தது, அதில் ஒரு பங்கரில் கரி தானாகவே புகைந்து கனன்றுகொண்டிருந்த நிலையில்தான் அது சவுத்தாம்ப்டனை விட்டது. விபத்து விசாரணையில் இன்ஜின் ரூம் ஆட்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். குவித்து வைத்த கரிக்குள் சூடு ஏறிப் பற்றிக்கொள்வது அந்தக் காலத்தில் அபூர்வம் இல்லை. அந்த அறைக்குள் இறங்கி, தூசிக்கும் வெக்கைக்கும் நடுவே கரியைத் தள்ளிச் சமன் செய்வதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். இன்ஜின் பகுதியிலேயே மிகக் கீழான சம்பளம், மிக மோசமான வேலை. அவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

நம் ஊருக்கு ஒரு நேர்த் தொடர்பும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டன், "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் நம் பேச்சில் இருக்கிறதே, அதன் கவலையெல்லாம் குண்டைப் பற்றியது இல்லை, கரியைப் பற்றியது. போகிற துறைமுகமெல்லாம் எதிரியுடையது, கரி வாங்க முடியாது. சென்னைக்குப் பிறகு சில நாளிலேயே 'பியூரெஸ்க்' என்ற பிரிட்டிஷ் கரிக் கப்பலைப் பிடித்துக்கொண்டது. அதில் இருந்தது முதல்தரமான வேல்ஸ் நிலக்கரி. பங்கர் நிறைந்ததால்தான் அதன் ஓட்டம் நவம்பர் வரை நீடித்தது.

அப்புறம் கரி போய் எண்ணெய் வந்தது. அறை போய்த் தொட்டி வந்தது. பெயர் மட்டும் போகவில்லை. இன்று கப்பல்காரர்கள் பங்கர் என்றால் கப்பல் தன் சொந்த ஓட்டத்துக்கு எரிக்கும் எண்ணெய், 'பங்கரிங்' என்றால் அதை ஏற்றுவது. எங்கள் பேச்சில் "நாளைக்குப் பங்கர் எடுக்கணும்" என்போம். சரக்காக ஏற்றிப் போகும் எண்ணெய் வேறு, பங்கர் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் செய்திகளில் குழப்பம் வருகிறது. எல்சா 3 எண்ணெய்க் கப்பலே இல்லை, கண்டெய்னர் கப்பல். ஆனாலும் அதில் 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் 84 டன் டீசலும் இருந்தன. அதுதான் அதன் பங்கர்.

இந்த எண்ணெயை நேரில் பார்க்காதவர்களுக்குப் பெட்ரோல், டீசல் மாதிரி ஏதோ என்று தோன்றும். அப்படி இல்லை. கச்சா எண்ணெயிலிருந்து நல்லதையெல்லாம் பிரித்தெடுத்த பிறகு அடியில் நிற்கும் கனத்த எண்ணெய் அது. குளிரில் ஊற்றினால் ஊற்ற வராது, தார் மாதிரி நிற்கும். தொட்டிக்குள் நீராவிக் குழாய் ஓட்டிச் சூடாக்கித்தான் பம்ப் செய்ய வேண்டும், பியூரிஃபையரில் தண்ணீரும் கசடும் பிரிக்க வேண்டும், இன்ஜினுக்குள் தெளிப்பதற்கு முன் 130 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். அதிலிருக்கும் கந்தகம் பெரிய பிரச்சனை. 2020 ஜனவரி 1 முதல் உலகம் முழுக்க கந்தக அளவு 3.50 சதவீதத்திலிருந்து 0.50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புகைபோக்கியில் கந்தகத்தைக் கழுவி எடுக்கும் ஸ்க்ரப்பர் மாட்டிய கப்பல்களுக்கு மட்டும் பழைய எண்ணெய் எரிக்க அனுமதி. கரையோர மக்களின் நுரையீரலுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

பங்கர் எடுக்கும் ஒரு இரவைச் சொன்னால் இந்தச் சொல் ஏன் எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் என்பது விளங்கும். சிங்கப்பூர் நங்கூரப் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே அதிகமாகப் பங்கர் விற்கும் துறைமுகம் அது, 2024இல் மட்டும் 5.4 கோடி டன்னுக்கு மேல். இரவு இரண்டு மணிக்கு எண்ணெய் கொண்டுவரும் சின்னக் கப்பலான பார்ஜ் வந்து பக்கத்தில் கட்டும். அதற்கு முன்பே டெக்கில் மழைத்தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளையெல்லாம் அடைத்திருப்போம், ஒரு சொட்டு சிந்தினாலும் கடலுக்குப் போகக் கூடாது. மரத்தூள் மூட்டை தயாராக இருக்கும். மாஸ்ட்டில் சிவப்பு விளக்கு எரியும், அதைப் பார்த்தால் பங்கர் நடக்கிறது என்று மற்றவர்கள் தள்ளிப் போவார்கள். ஃபோர்த் இன்ஜினியர் பார்ஜில் இறங்கி, நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும் சவுண்டிங் டேப்பை ஒவ்வொரு தொட்டியிலும் விட்டு ஆழம் பார்ப்பார். வெப்பநிலையும் குறித்துக்கொள்ள வேண்டும், சூட்டில் எண்ணெய் விரியும் என்பதால் அளவு மாறும். குழாய் இணைத்து, முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக. குழாய் வந்து சேரும் இடமான மேனிஃபோல்டில் சொட்டுச் சொட்டாகச் சாம்பிள் விழுந்துகொண்டே இருக்கும், கடைசி வரை. அதைக் குலுக்கிப் பாட்டில்களில் பிரித்து சீல் வைப்போம். அதில் ஒரு பாட்டிலைக் குறைந்தது 12 மாதம் கப்பலில் வைத்திருக்க வேண்டும், ரசீதை 3 வருடம்.

கடைசி அரை மணி நேரம்தான் உயிர் போகும் நேரம். தொட்டி நிரம்பும் தறுவாயில் அடுத்த தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டுத்தான் இதை மூட வேண்டும். வரிசை மாறினால் காற்றுக்குழாய் வழியாகக் கறுப்பு எண்ணெய் டெக்கில் பொங்கும். நான் செகண்ட் இன்ஜினியராக இருந்த ஒரு கப்பலில் ஒரு தடவை அப்படிப் பொங்கியது. கடலுக்குள் போகவில்லை, ஆனால் ஐந்து பேர் விடிய விடிய மரத்தூளும் துணியுமாக முழங்காலில் நின்று துடைத்தோம். அந்த வாசனை தோலை விட்டுப் போக ஒரு வாரம் ஆயிற்று.

ஏமாற்று வேலையும் உண்டு. அதற்கு 'கப்புச்சினோ பங்கர்' என்று பெயர். நம் ஊர் டீக்கடையில் ஆற்றி நுரை வரவைத்தால் பாதி கிளாஸ் டீ முழு கிளாஸாகத் தெரியும் இல்லையா, அதே வித்தைதான். எண்ணெய்க்குள் காற்றை அடித்து விடுவார்கள். நுரைத்து மேலே வரும், டேப் விட்டால் அளவு சரியாகக் காட்டும். அடுத்த நாள் நுரை அடங்கினால் பல டன் குறையும். ஒரு துறைமுகத்தில் எங்களுக்கே அது நடந்தது. குழாய் உதறிக்கொண்டே இருந்ததையும் டேப்பில் குமிழ் ஒட்டியிருந்ததையும் பார்த்தும், முதல் தடவை என்பதால் எங்களுக்குப் பிடிபடவில்லை. சிங்கப்பூர் 2017 ஜனவரி 1 முதல் பார்ஜ்களில் எடையையே நேராக அளக்கும் மீட்டரைக் கட்டாயமாக்கியது இதனால்தான். நுரைக்குக் கனம் கிடையாது, மீட்டர் ஏமாறாது.

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற கப்பல்கள் மோதிக்கொண்டனவே, கரையில் ஒதுங்கியது இந்த வகைக் கனத்த எண்ணெய்தான். மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளிய படங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். வாளியால் அள்ளுகிறார்களே என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். ஆனால் கரைக்கு வந்து பாறை இடுக்கில் குழம்பாகப் போய் உட்கார்ந்துவிட்ட இந்த எண்ணெயை உறிஞ்சும் இயந்திரத்தால் எளிதில் எடுக்க முடியாது என்பது, அதைத் துடைத்த எனக்குத் தெரியும். கோபப்பட வேண்டியது, வெறுங்கையோடும் சாதாரண உடையோடும் அவர்களை அதில் இறக்கிவிட்டதற்கு.

தரையிலும் இந்தப் பொருள் இருக்கிறது. அனல்மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களிடம் பங்கர் என்று சொல்லிப் பாருங்கள், பாய்லர் பக்கம் உயரத்தில் நிற்கும் கரித் தொட்டியைக் காட்டுவார்கள். கன்வேயர் கரியை மேலே கொண்டுபோய்க் கொட்டும், அது கீழே அரவை மில்லுக்கு இறங்கும். மழைக்காலத்தில் ஈரக் கரி உள்ளேயே அப்பிக்கொண்டு இறங்காமல் அடம் பிடிக்கும், தட்டித் தட்டி இறக்க வேண்டும். மாட்டுத் தீவனத்தைப் பதப்படுத்தி வைக்கும், மூன்று பக்கம் சுவர் எழுப்பிய தொட்டிக்கும் 'பங்கர் சைலோ' என்றுதான் பெயர். நம் பெட்ரோல் பங்க்கைப் பற்றி யாராவது கேட்பீர்கள்: அது இங்கே தென்னிந்தியாவில் புழங்கும் சொல், சிங்கப்பூரில் போய்ச் சொன்னால் முழிப்பார்கள்.

கோல்ஃப் பங்கர் இன்னொரு கிளை. அதுவும் ஸ்காட்லாந்துதான். கடலோர மணல்மேட்டில் விளையாடியவர்கள், புல் போய் மணல் தெரிந்த பள்ளங்களுக்குத் தங்கள் ஊர்ச் சொல்லையே வைத்துவிட்டார்கள். காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் படுத்துப் படுத்துத்தான் அந்தப் பள்ளங்கள் உண்டாயின என்று சொல்வார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் நூற்றுக்கு மேல் பங்கர்கள் உண்டு, ஒன்றின் பெயரே 'நரகம்'. பந்து அதில் விழுந்தால் அடிப்பதற்கு முன் மட்டையை மணலில் ஊன்றக் கூடாது, அடித்துவிட்டு வெளியே வந்தபின் காலடித் தடத்தை மணல்வாரியால் சமன் செய்துவிட்டுப் போக வேண்டும். அதே மைதானத்தில் 1978இல் நடந்த ஓப்பன் கோல்ஃப் போட்டியில் ஜப்பானின் நக்காஜிமா 17ஆம் குழியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர், பந்து உருண்டு பங்கருக்குள் விழுந்து, அதை வெளியே எடுக்கப் பட்ட பாட்டில் அந்த ஒரு குழிக்கே 9 தடவை அடிக்க வேண்டியதாகிவிட்டது. கோல்ஃப் பற்றி எனக்கு இவ்வளவுதான் தெரியும்.

இப்போது போர். இந்தப் பொருள் மற்ற எல்லாவற்றையும்விட வயதில் இளையது, ஆனால் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. கரி அறை என்ற பொருளில் ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்குப் போன சொல்லை, முதல் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்கள் தங்கள் காப்பரணுக்கு வைத்தார்கள். அங்கிருந்து அது திரும்ப ஆங்கிலத்துக்கு வந்தது, உலகம் முழுக்கப் பரவியது. பங்கர் என்றால் நிலத்தடியில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஹாம்பர்க் நகரில் 1942இல் கட்டிய பங்கர் ஒன்று வானளாவ நிற்கிறது, சுவர் மட்டும் மூன்று மீட்டருக்கு மேல் தடிமன். அதை இடிக்க முடியாமல் இன்று அதன் தலையில் தோட்டம் போட்டு ஹோட்டல் வைத்திருக்கிறார்கள். அதைப் பதுங்கு குழி என்று எப்படி எழுதுவது? ஹிட்லர் 1945 ஏப்ரல் 30 அன்று செத்த பங்கர் நிலத்தடியில் இருந்தது. இன்று அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள், ஒரு தகவல் பலகை மட்டும் இருக்கிறது. அப்படி விட்டது நல்லது என்பது என் எண்ணம், இல்லாவிட்டால் மாலை போட ஆள் வந்திருக்கும்.

அல்பேனியாவைச் சொல்லாமல் விட முடியாது. என்வர் ஹோட்ஜா என்ற கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி, எல்லா நாடும் தன் நாட்டின் மேல் படையெடுக்கும் என்று பயந்து, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல் கான்கிரீட் பங்கர்களைக் கட்டிவைத்தார். வயலில், கடற்கரையில், கல்லறைத் தோட்டத்தில்கூட. நானே துர்ரஸ் துறைமுகத்துக்குப் போனபோது கரையோரம் காளான் குடைமாதிரி பாதி மண்ணில் புதைந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். யாரும் படையெடுத்து வரவில்லை. அந்தச் சிமெண்டிலும் இரும்பிலும் வீடு கட்டியிருந்தால் எத்தனை குடும்பம் வாழ்ந்திருக்கும்.

பங்கர் ஆழமாகப் போகப் போக அதைத் துளைக்கும் குண்டும் கனத்தது. 1991 வளைகுடாப் போரில் பழைய பீரங்கிக் குழாயையே கூடாக வைத்து அவசர அவசரமாகச் செய்தார்கள். 2025 ஜூன் 22 அன்று ஈரானின் ஃபோர்தோ, நதான்ஸ் அணுசக்தித் தளங்களில் அமெரிக்கா போட்ட குண்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 13,600 கிலோ, மொத்தம் 14. கார்கில் மாதிரி பாறை உச்சியிலோ தோண்டவே முடியாது, கல்லை அடுக்கித்தான் அரண் கட்ட முடியும். திருச்சி மக்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கும் மேஜர் சரவணன் 1999 மே 29 அன்று பட்டாலிக் பகுதியில் அப்படிப்பட்ட பங்கர்களைத் தாக்கும்போதுதான் உயிரை விட்டார்.

ஆனால் தமிழில் இந்தச் சொல்லை உண்மையில் வாழ்ந்தவர்கள் வேறு ஆட்கள். ஒரு கப்பலில் எங்களோடு ஃபிட்டராக இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர். காலையில் வேலை பிரிக்கும்போது நான் "இன்னைக்குப் பங்கர்ப்பா, எல்லாரும் ரெடியா இருங்க" என்றேன். அவர் சிரித்தார், உடனே சிரிப்பு போய்விட்டது. இரவு டீ குடிக்கும்போது அவரே சொன்னார்: "அண்ணை, எங்கட பின்வளவில ஒரு பங்கர் இருந்தது. நான் நாலாம் ஆண்டு படிச்சதெல்லாம் அதுக்குள்ளதான். பொம்மர் (குண்டு போடும் விமானம்) சத்தம் கேட்டா அம்மா சட்டியை அடுப்பிலயே விட்டிட்டு எங்களை உள்ள தள்ளுவா."

1990இல் மறுபடி போர் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் பங்கர் இல்லாத வீடு குறைவு, பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் கோவிலடியிலும்கூட வெட்டியிருந்தார்கள். அவர் மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். நேராக வெட்டக் கூடாது, எல் வடிவில் வளைத்து வெட்ட வேண்டும், வாசலில் ஷெல் விழுந்தால் துண்டுகள் நேரே உள்ளே பாயாமல் வளைவுச் சுவரில் முட்டி நிற்கும். மேலே பனங்குற்றியை நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் மண், மண்மூட்டை. யாழ்ப்பாணத்து மண் பல இடத்தில் இரண்டு மூன்று அடியிலேயே சுண்ணாம்புக் கல்லாகிவிடும், அங்கெல்லாம் பாதி தரைக்குக் கீழே, பாதி மேலே. மாரி மழையில் உள்ளே தண்ணீர் ஊறும், தவளையும் பாம்பும் வரும், அப்போதும் விமானம் வந்தால் அதற்குள்தான் இறங்க வேண்டும். மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த நாட்கள் என்பதால் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் போட்டு, சொட்டு எண்ணெயில் எரியும் விளக்கு. அந்த வெளிச்சத்தில் வாய்ப்பாடு படித்தாராம். நேராகத் தலைமேல் விழுந்தால் பனங்குற்றி காக்காது என்பது எல்லோருக்கும் தெரியும் என்றார். சிதறும் துண்டுக்குத்தான் அது.

2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் நிலைமை இதைவிட மோசம். கடற்கரை மணல், வெட்ட வெட்டச் சரியும், கொஞ்சம் ஆழம் போனால் தண்ணீர். மண்மூட்டைக்குச் சாக்கும் இல்லை. பெண்கள் தங்கள் சேலைகளைக் கிழித்துப் பையாகத் தைத்து மணலை நிரப்பி அடுக்கினார்கள், கூறைச் சேலை உட்பட. அந்தப் பட்டுச் சேலை மூட்டைகளின் படங்களைப் பார்த்த பிறகு எனக்கு 'பங்கர் எடுக்கணும்' என்று சாதாரணமாகச் சொல்ல வாய் வருவதில்லை.

எழுதுவது பற்றிக் கேட்டீர்கள், அதற்கு வருகிறேன். கப்பல் செய்தியில் 'கப்பலின் எரியெண்ணெய்' என்று எழுதினால் யாருக்கும் புரியும், 'பங்கர் எண்ணெய்' என்றும் எழுதலாம். மின்நிலையத்தில் கரித் தொட்டி. கோல்ஃபில் மணல்பள்ளம், அல்லது பங்கர் என்றே விடலாம். ஹாம்பர்க் மாதிரி கட்டடங்களுக்குக் காப்பரண் பொருந்தும். பதுங்கு குழி என்பதை மண்ணைத் தோண்டி மனிதர் ஒளிந்த இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஈழத்து மக்களின் பேச்சை எழுதும்போது அதுகூட வேண்டாம், அவர்கள் பங்கர் என்றுதான் சொன்னார்கள், பங்கர் என்றே எழுதுங்கள்.